முழங்கைக்கு இறங்கிய கறுப்பு

நம் வயதில் விழுகிறவர்கள் முதலில் செய்வது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பதுதான். நீங்களும் செய்திருப்பீர்கள். வலி அதற்குப் பிறகுதான் வருகிறது.

போன மாதம் கொடியில் கிடந்த துணிகளை மழைக்கு முன்னே எடுத்துவிடலாம் என்று பின்பக்கம் போனேன். ஈரச் சீமெந்தில் கால் வழுக்கி, இடது தோள் தரையில் மோத விழுந்தேன். பெரிதாக ஒன்றும் விழவில்லை. நின்ற இடத்திலேயே சரிந்தேன், அவ்வளவுதான். ஆனால் எழுந்திருக்க முயன்றபோது அந்தக் கை என்னுடைய கையாக இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் என் மகள் வயதுப் பெண். சிங்களத்தில் பேசினாள். மேல்கை எலும்பு தோளுக்குள் போய்ச் சேரும் கழுத்தில் ஒரு கோடு ஓடுவதைக் காட்டினாள். அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு இது நிறைய வருகிறதாம். எலும்பு உள்ளே இளைத்துப் போயிருக்கும், இப்படி ஒரு சறுக்கலே போதும் என்றாள். துண்டுகள் விலகாததால் ஓபரேஷன் வேண்டாம், மாவுக்கட்டும் வேண்டாம். கழுத்திலிருந்து ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டால் எலும்பு தானாகக் கூடிவிடும். இரண்டு வாரத்தில் வரச் சொன்னாள். குனிந்து நின்று கையை ஊஞ்சல் போல ஆட்டப் பழக்குவார்களாம். வலிக்குப் பயந்து அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், பிறகு தலை சீவக்கூட எட்டாது என்றாள்.

நான் எழுந்து கதவருகே போனபோது அவள் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இன்னொன்று, அம்மா. நாலைந்து நாளில் முழங்கை வரைக்கும் கறுத்துப்போகும். விலாவிலும் வரலாம். பார்த்துப் பயப்பட வேண்டாம்."

"விலாவில் அடியே படவில்லையே?"

"அடி படத் தேவையில்லை. உடைந்த எலும்பில் கசிகிற இரத்தம் தோலுக்கடியில் கீழே இறங்கி வரும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு பார்த்தால் யாரோ போட்டு அடித்த மாதிரி இருக்கும்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். அவளும் பொறுமையாகத் திரும்பச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் குளிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். தோளில் ஒன்றுமே இல்லை. முழங்கையைச் சுற்றி நாவற்பழம் நசுங்கின மாதிரி ஒரு கறுப்பு. மார்புக்குக் கீழே விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று, ஓரத்தில் மஞ்சள் படர்ந்து. அந்தக் கறுப்பை நான் இதற்கு முன் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த மழைக்காலத்தைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் அப்போது தெஹியோவிட்டவிலிருந்து உள்ளே ஏறிப்போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால் வெட்டினார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் அவர்தான். லயத்து வரிசை வீடுகளில் புருஷன் பெண்சாதி சண்டையானாலும் வேலி மாறிய வாழைக்குலையானாலும் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்குத்தான் வரும். அப்பா இரண்டு பக்கமும் கேட்பார். கேட்காமல் ஒன்றும் சொல்லமாட்டார். நியாயமான ஆள் என்று துரைகூடச் சொன்னதாக அம்மாவுக்குப் பெருமை.

எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில், கடைசி அறையில், ஆயா இருந்தாள். பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார்கள் காலையில் மலைக்கு வேலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். வயது அறுபது இருக்கும். ஒட்டிய கன்னம், மெலிந்த உடம்பு, ஆனால் கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல உரமாக இருக்கும். இடது இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் இன்னொன்று, வலது கையால் தொட்டில் சேலையை ஆட்டிக்கொண்டு, காலால் நாயை விரட்டுவாள். பிள்ளைக்காம்பராவுக்குள் போனால் மா காய்ச்சிய வாசனையும் மூத்திரத் துணியும் சேர்ந்து அடிக்கும். பத்து மணிக்குப் பால் கொடுக்க வரும் தாய்மார்களின் கையிலிருந்து புளித்த ரப்பர்ப் பால் நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தாலே பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிடும். ஆயாவிடம் ஒரு நீல எனாமல் கோப்பை இருந்தது. விளிம்பில் மூன்று இடத்தில் பெயர்ந்து கறுத்திருக்கும். பெயராத பக்கம் எதுவென்று பார்க்காமலே அவள் கைக்குத் தெரியும். அப்படி ஒரு கோப்பையை இப்போது எந்தக் கடையிலும் காணவில்லை.

ஆயாவுக்கு ஒரே மகள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவைக் கட்டியவர் தோட்டத்து ஆள் இல்லை. சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களை நாங்கள் 'நாடு' என்போம். அவர் ஓயாவுக்கு, எங்கள் ஆற்றுக்கு, அந்தப் பக்கத்து நாட்டுக்காரர். எங்கள் தோட்டத்தில் பால் வெட்ட வந்து, அக்காவைப் பிடித்துப்போய், கோயிலில் தாலி கட்டித் தொங்கல் காம்பராவிலேயே தங்கிவிட்டார். ஆயாவை "அம்மே" என்பார். தமிழ் பேசுவார், ஆனால் யோசித்து யோசித்து. அதனால் குறைவாகத்தான் பேசுவார். குறைவாகப் பேசுகிறவனை லயம் நம்பாது. சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்பார்கள், சிரிக்காவிட்டால் திமிர் என்பார்கள். எனக்கு அவர் ரப்பர்க் கொட்டையில் துளை போட்டு ஊதல் செய்து கொடுத்திருக்கிறார்.

அந்த வருஷம் மழை மே மாதத்து வெசாக்குக்கு முன்பே பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மரம் நனைந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் பட்டையெல்லாம் வழியும். ஆம்பிளைகள் இஸ்தோப்புகளில் குந்தியிருந்தார்கள். அடுப்புப் புகை வெளியே போகாமல் கூரைக்கடியிலேயே நின்றது. துணி காயவில்லை. சுவரில் பச்சை ஏறியது. வேலையில்லாத வாய்கள் பேசிக்கொண்டே இருந்தன.

பேசுவதற்கு ஒரு விஷயமும் கிடைத்தது. அக்காவுக்கு அப்போது ஆறு மாசம். பிள்ளைப்பேற்றுக்கு அவளைத் தன் தாயிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஆயா முடியாது என்றாள். ஒரு நாள் மத்தியானம் தொங்கல் காம்பராவிலிருந்து அவருடைய சத்தம் கேட்டது. கோபம் வந்ததும் தமிழ் போய்விட்டது, முழுக்கச் சிங்களம். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டன. சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அவர் சொன்னதாக ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

அதற்கு ஆறு நாளோ ஏழு நாளோ கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னைப் பீலிக்கு அனுப்பினாள். மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கொட்டுகிற இடம் அது. லயத்திலிருந்து கல் படிகளில் இறங்கிப் போக வேண்டும். தூறல். படியெல்லாம் பாசி. அட்டை ஏறுமென்று காலை உதறி உதறி இறங்கினேன். பாதி வழியில் ஒரு அலறல் கேட்டது. மனுஷச் சத்தம் என்று உடனே தெரியவில்லை.

வளைவில் நின்று எட்டிப் பார்த்தேன். பீலிக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஆயா பாதி உடம்போடு கிடந்தாள். குடம் உருண்டு கிடந்தது. அவளுடைய மருமகன் மேலே நின்று, அவள் இடது கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆயா "விடு, விடு, ஐயோ விட்ரு" என்று கத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார்.

நான் ஓடிவிட்டேன். வெறும் குடத்தோடு லயத்துக்கு ஓடினேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால், இழுத்தால் வலிக்கிறது என்று அவர் புரிந்துகொண்டு கையை விட்டதையும், கானுக்குள் இறங்கி அவளை அள்ளித் தூக்கியதையும் பார்த்திருப்பேன். பார்க்கவில்லை. அவர் ஆயாவை முதுகில் சுமந்துகொண்டு படியேறி வந்தபோது நான் அடுப்பங்கரையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் எங்கே என்று அம்மா கேட்டாள். ஆயா விழுந்துவிட்டாள் என்று வெளியே யாரோ சொன்னார்கள். கேள்வி அதோடு போய்விட்டது.

டிஸ்பென்சரியிலிருந்து டொக்டர் ஐயா வந்தார். தோள் இறங்கியிருக்கும் என்று சொல்லி வெள்ளைக் குளிசை கொடுத்தார், கையைக் கழுத்தோடு துணியில் தொங்கவிட்டார். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நல்லது என்றார். ஆனால் மழையில் கீழ் ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாளாக லொறியே ஏறவில்லை. அப்போதுதான் மருமகன் யாரிடமும் கேட்காமல் ஓயாவைக் கடந்து போய், மறுநாள் காலையில் தன் ஊர் வெதமாத்தயாவை அழைத்து வந்தார். முறிவுக்குக் கட்டுகிற வைத்தியர். வயதானவர், வெள்ளைச் சாரம், கையில் மருந்துப் பொட்டலம்.

எங்கள் லயமே வாசலில் நின்றது. நான் ஆட்களின் காலுக்கிடையில் நின்றேன். வெதமாத்தயா கண்ணை மூடிக்கொண்டு ஆயாவின் தோளை விரல் நுனியால் தடவினார். தோள் இறங்கவில்லை, மேல்கை எலும்பின் தலைப் பக்கம் உடைந்திருக்கிறது என்றார். இலைச் சாந்தைப் பூசி, கையை மடக்கி, நெஞ்சோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல மருமகன் தமிழில் சொன்னார்.

"மூணு கிழமை கட்டு இருக்கணும். அதுக்குப் பொறகு இவரே வந்து அவுக்கும். அவுத்து, கை தொங்க விட்டு இப்படி இப்படி ஆட்டணும். ஆட்டாம விட்டா தோள் பூட்டுப் போடும். தெறக்காது."

அவர் தன் கையைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

ஆயா விழுந்த ஐந்தாம் நாள் அது நடந்தது. அக்காவால் தனியாகத் தூக்க முடியாது என்பதால் ஆயாவை உடம்பு துடைத்துவிட அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் போனார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள் அம்மா. நான் சாக்குப் படுதாவின் ஓரமாகப் பார்த்தேன். சட்டையை விலக்கியதும் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். வெந்நீர் வாளியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த ஆயாவின் முழங்கை கறுத்துக் கிடந்தது. மார்புக்குக் கீழே விலா முழுக்கக் கறுப்பு, இடுப்பை நோக்கி இறங்கி, ஓரமெல்லாம் ஊதா. தோளில், சாந்தைச் சுற்றி, ஒன்றும் இல்லை.

"தோள்ல வுழுந்தவளுக்கு விலாவுல எப்படி வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மிதிச்சிருக்கான்" என்றாள் மற்றவள், அக்காவுக்குக் கேட்காத குரலில். அக்காவுக்குக் கேட்டது. அவள் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

"யாரும் மிதிக்கல. வுழுந்தேன்" என்றாள் ஆயா.

"மக வாழ்க்கைக்காக மறைக்கிறியா?" என்று கேட்டாள் அம்மா. என் அம்மா கெட்டவள் இல்லை. ஆயாவின் கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

அன்று பின்னேரத்துக்குள் அந்தக் கறுப்பைப் பார்க்காதவர்களும் பார்த்தது போலச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கால் தடம் தெரிகிறது என்றார்கள். வெதமாத்தயாவைக் கொண்டுவந்ததே அடி தெரியாமல் சுற்றிக் கட்டத்தான் என்றார்கள். மருமகன் தண்ணீர் எடுக்கப் போனால் பீலியில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவருக்கு என்னவென்று புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையைத் தட்டில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பார்த்தவங்க இருக்காங்களா? பார்க்காம ஒருத்தன் மேல பழி போடக் கூடாது" என்றார். அப்போது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ அன்னைக்குப் பீலிக்குப் போயி வெறும் கொடத்தோட வந்தியே?"

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் தலையில் கை வைத்தார். "பயப்படாத. பார்த்தத மட்டும் சொல்லு. கூட்டாத, கொறைக்காத."

"ஆயா கானுக்குள்ள கெடந்துச்சு. அவரு கையப் புடிச்சு இழுத்தாரு. ஆயா விடு விடுன்னு கத்துச்சு. அவரு விடல."

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்பா அதற்கு மேல் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் கூட்டம். மழை சற்று விட்டிருந்தது, ஆனால் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. ஆயாவைக் கதிரையோடு தூக்கி வந்து வைத்தார்கள். அக்கா பக்கத்தில் நின்றாள். மருமகன் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, ஏதோ நல்ல காரியத்துக்கு வந்தவர் போல வந்திருந்தார். அந்தச் சட்டை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பா முதலில் ஆயாவைத்தான் கேட்டார்.

"பாசியில வழுக்கி வுழுந்தேன், தலைவரே. எத்தன தடவ சொல்றது?"

"வுழுந்தது தோள்ல. விலாவுல எப்படி வந்துச்சுன்னு சொல்லு, நான் கேட்டுக்குறேன்."

ஆயா குனிந்து தன்னைத்தானே பார்த்தாள். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அந்த இடத்தில் கூட்டம் அசைந்தது. அவளிடம் இருந்த உண்மை அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது.

மருமகன் சொன்னார்: "நான் அடிக்க இல்ல. அம்மே விழுந்தது. நான் தூக்கினது."

"அதுக்கு முந்தின கெழம சண்ட போட்டியா இல்லியா?"

"போட்டது."

அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் நடந்து போனேன். அத்தனை பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் சொன்னதையே அட்சரம் மாறாமல் சொன்னேன். சொல்லும்போது அவரைப் பார்த்தேன். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. தலையை ஆட்டினார். "ஓவ், இழுத்தது. இழுத்தது சரி. ஆனா..." என்றார். அதற்குமேல் தமிழ் வரவில்லை. சிங்களத்தில் தொடங்கினார். பின்னாலிருந்து சத்தம் எழுந்தது, "இழுத்தேன்னு அவனே சொல்லிட்டான்" என்று. அவர் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

அப்பா கையை உயர்த்திச் சத்தத்தை நிறுத்தினார். அக்காவிடம் கேட்டார், "நீ என்னம்மா சொல்ற?"

அக்கா வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அம்மா விலாவ நான் பார்த்தேன்" என்றாள்.

அன்றே அவர் போய்விட வேண்டும் என்று முடிவானது. யாரும் அடிக்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். ஆனாலும் லயத்துக்குப் போகும் வழியில் இரண்டு வாலிபர்கள் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் திருப்பி ஒன்றும் செய்யவில்லை. காம்பராவுக்குள் போய் ஒரு பையோடு வந்தார். பால் வெட்டும் கத்தியை எங்கள் இஸ்தோப்புக் கட்டையில் வைத்துவிட்டு, அப்பாவிடம் ஒன்று மட்டும் சொன்னார்.

"மூணு கிழமையில கட்டு அவுக்கணும், தலைவர். மறக்க வேணாம்."

அவர் ஓயாப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனார். ரப்பர் காட்டுக்குள் வெள்ளைச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது.

மூன்று வாரம் முடிந்த நாளில் வெதமாத்தயா சொன்னபடி வந்தார். தனியாக, குடையோடு. தோட்ட எல்லையிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். அப்பா போய்ப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், தேத்தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார், ஆனால் உள்ளே விடவில்லை. கிழவர் கையைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். சிங்களத்தில் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். "சரி சரி, நாங்க பார்த்துக்குறோம்" என்று அனுப்பிவிட்டார்.

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. உடைந்த கையை ஆட்டச் சொல்வது எங்கேயாவது உண்டா என்று பெண்கள் கேட்டார்கள். அவனுடைய ஆள் சொன்ன வைத்தியம், கையை ஒரேயடியாக முடமாக்கத்தான் என்றார்கள். டொக்டர் ஐயாவும் வலி போகும் வரை அசைக்க வேண்டாம் என்றார். வலி போகவில்லை. கட்டும் அவிழவில்லை. ரோடு திறந்து லொறிகள் ஓடத் தொடங்கின. ஆஸ்பத்திரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கட்டுத்தான் இருக்கிறதே என்றார்கள். மழை முடிந்து வெயில் வந்து, மரங்களில் மறுபடி பால் வெட்டத் தொடங்கிய பிறகும் ஆயா நெஞ்சோடு கை கட்டியபடியே வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்கும் மேல்.

கடைசியில் அவிழ்த்தபோது நானும் இருந்தேன். கட்டுத் துணி தோலோடு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து வந்த கை பிள்ளையின் கை போல மெலிந்து வெளுத்திருந்தது. எலும்பு கூடியிருந்தது. தூக்கச் சொன்னார்கள். ஆயா பல்லைக் கடித்துத் தூக்கினாள். கை வயிற்றுக்கு மேல் வரவில்லை. தோளும் முதுகும் சேர்ந்து ஒரே பலகையாக உயர்ந்தன. வலது கையால் இடது கையைப் பிடித்து உயர்த்தப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஒரு கையால் பிள்ளைக்காம்பரா பார்க்க முடியாது. வேறொரு பெண்ணைப் போட்டார்கள். ஆயா தன் நீலக் கோப்பையை மட்டும் எடுத்து வந்தாள். தொங்கல் காம்பராவுக்கு முன்னால் உட்கார்ந்து, மலையிலிருந்து வரும் தாய்மார்கள் தன்னைத் தாண்டிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சேதி ஓயாவுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். யாரும் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிய ஆயாவால் தன் பேரனைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. அக்கா வேலைக்குப் போனதும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் பிள்ளையை எடுத்து ஆயாவின் மடியில் வைப்பேன். அழுதால் மறுபடி எடுத்துத் தொட்டிலில் போடுவேன். அம்மா அனுப்பினாள். அம்மாவுக்குள் எதுவோ அரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் பிள்ளையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். எத்தனை நாளாக அதை எதிர்பார்த்திருந்தேன் என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

"நீ பொய் சொல்லல, புள்ள" என்றாள். "பொய் சொல்லிருந்தா ஒரு நாளைக்குச் சாயம் வெளுத்திருக்கும்."

பிறகு கையை விட்டாள். எனக்கு அப்போது அது மன்னிப்புப் போலத்தான் கேட்டது. சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினேன்.

அடுத்த சில வருஷங்களில் நாங்கள் தோட்டத்தை விட்டு இறங்கிவிட்டோம். நான் படித்து ஆசிரியையானேன். அப்பா கடைசிவரை அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சந்தேகப்பட்டதில்லை. சாட்சியைக் கேட்டுத்தான் சொன்னேன் என்பார். ஆயா செத்ததைக்கூட நான் கடிதத்தில்தான் அறிந்தேன்.

டொக்டர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தோள் வலி என்று வீட்டில் நினைத்தார்கள். அக்கா இன்னும் இருக்கிறாள், தெஹியோவிட்டப் பக்கம் மகனோடு என்று ஒரு சாவு வீட்டில் கேள்விப்பட்டு நம்பர் வாங்கி வைத்திருந்தேன். எண்பதை நெருங்கும் மனுஷியிடம் இதைச் சொல்வது நல்லதா? சொல்லாமல் நான் செத்துப்போவது நல்லதா? பல நாள் யோசித்தேன். போன வெள்ளிக்கிழமை காலையில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுத்தேன்.

"அக்கா, நான் தலைவர் மக பேசுறேன்."

"ம். சொல்லு."

சொன்னேன். விழுந்தது, எக்ஸ்ரே, இறங்கி வந்த கறுப்பு, டொக்டர் சொன்னது எல்லாம்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "அம்மா சாகப்போற அன்னைக்கும் அதத்தான் சொல்லுச்சு. வுழுந்தேன், அவரு தூக்குனாருன்னு. சாகப்போற மனுஷி எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு எனக்கு அப்பதான் பட்டுச்சு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"இவனுக்கு நாலு வயசு. கூட்டிக்கிட்டு நாட்டுக்குப் போனேன். விசாரிச்சு, வூட்டு வாசலுக்குப் போயி நின்னேன். ஒரு பொம்பள நெல்லு காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு. மாசமா இருந்துச்சு. அவரு உள்ளுக்கு இருந்து வந்தாரு."

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னையப் பார்க்கல. இவனத்தான் பார்த்தாரு. அந்தப் பொம்பள யாருன்னு கேட்டுச்சு. வழி தவறி வந்தவங்கன்னு நான்தான் சொன்னேன். தண்ணி குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டோம்."

எனக்குக் கேட்க ஒன்று இருந்தது.

"தம்பிக்குத் தெரியுமா, அக்கா?"

"அப்பன் பாட்டிய மிதிச்சவன்னு லயத்துல சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். நான் மாத்திச் சொல்லல."

"ஏன்?"

"மாத்திச் சொன்னா, அப்ப நீ ஏம்மா கோயிலடியில அப்பாவுக்காகப் பேசாம நின்னன்னு கேப்பான்ல."

என் பக்கத்திலிருந்து சொல்ல என்ன இருக்கிறது? அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் வைத்துவிடுவேனோ என்று அவளும், அவள் வைத்துவிடுவாளோ என்று நானும் காத்திருந்தது போல இருந்தது. அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது.

"யாரும்மா, இவ்வளவு நேரமா?"

"தெரியலப்பா" என்றாள் அக்கா, வாயை ஃபோனிலிருந்து எடுத்துக்கொண்டு. "ராங் நம்பர்."

பிறகு வைத்துவிட்டாள்.